பதிமூன்று வயதுப் பையனை எந்தப் பந்தில் விடுவது?

2025 ஏப்ரல் 28 ராத்திரி, ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் நூறு அடித்தார். வயது 14. மறுநாள் காலை சேலம் அம்மாபேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, அக்கா பையன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். என்னடா என்றால், "மாமா, எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு" என்றான். அவனுக்குப் பதிமூன்று.

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று மத்தியானமே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவன எங்கயாவது ஒழுங்கா சேர்த்து விடணும்டா தம்பி. விசாரிச்சுச் சொல்லு" என்றாள். அக்கா வீட்டுக்காரருக்கு விசைத்தறிக் கணக்குத்தான் தெரியும், கிரிக்கெட் தெரியாது. எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. காலேஜ் டீமில் ஏழாவதாக இறங்கியவன் நான். அதற்கு மேல் போகவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பழக்கம் என்பதால் இதையும் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் அலைந்ததில் எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: இருபது ஓவர் ஆட்டத்துக்கென்றே பயிற்சி தரும் புது அகாடமி, டெஸ்ட் போலப் பல நாள் ஆட்டத்துக்கான சிவப்பு லெதர் பந்தில் பழக்குகிற பழைய பாணி கோச், இப்போது ஆடுவது போலவே டென்னிஸ் பால், இல்லையென்றால் சென்னை. இதே யோசனையில் இருக்கிற சேலத்துப் பெற்றோர் நிறையப் பேர் என்று அலைந்தபோதுதான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புது அகாடமி. பைபாஸ் ஓரம், பச்சை வலை, ராத்திரியிலும் லைட். பையனுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். பவுலிங் மெஷின் ஒன்று தொடை உயரத்துக்கு ஒரே மாதிரி பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. பையன்கள் முன்காலை ஒதுக்கி வைத்து வரிசையாகத் தூக்கி அடித்தார்கள். யார் எத்தனை மீட்டர் என்று போர்டில் எழுதியிருந்தது.

அவர்கள் சொன்ன வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் புதிதாக வரும் ஆட்டக்காரருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். ஐபிஎல்லில் ஏலத்தின் ஆரம்ப விலையே 30 லட்சம். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்தவர், டென்னிஸ் பாலில் ஆடியவர். 2018 டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஒரு சீசன் நன்றாகப் போட்டார்; அந்த டிசம்பர் ஏலத்தில் 8.40 கோடி. ரஞ்சி அனுபவம் அப்போது அவருக்கு ஏறக்குறைய இல்லை. டேவிட் வார்னரையும் சொன்னார்கள். ஒரு முதல்தர ஆட்டம்கூட (ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டம்) ஆடாமல் 2009-இல் ஆஸ்திரேலியாவின் டி20 அணிக்குள் வந்தவர், அப்புறம் டெஸ்டிலும் நின்று ஆடினார். ஆக, குட்டை வடிவத்தில் நுழைந்து நீள வடிவத்துக்குப் போனவர்கள் உண்டு. அது உண்மை.

ஆனால் நான் கேட்டது வேறு கேள்வி. "உங்ககிட்ட வர்ற பசங்கள்ல பதினாறு வயசு மாவட்ட டீம்ல எத்தன பேருங்க?" அதற்கு அகாடமிக்காரர் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும், பாதியில் நின்றால் திரும்ப வராது என்பது அடுத்த செய்தி. எங்கள் தெருப் பையன் ஒருவன் வேறொரு இடத்தில் இப்படித்தான் சேர்ந்து மூன்றாம் மாதம் நின்றுவிட்டான். கட்டிய பணம் கட்டியதுதான்.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது பாடத்திட்டம். பையன்களுக்கு நாடு முழுக்க நடக்கும் பதினாறு வயதுப் போட்டி விஜய் மெர்ச்சன்ட் கோப்பை. அது பல நாள் ஆட்டம், சிவப்புப் பந்து. பத்தொன்பது வயதில் கூச் பெஹார் கோப்பை, நான்கு நாள். அதே வயதில் வினு மன்கட் கோப்பை, ஐம்பது ஓவர். பையன்களுக்கான 19 வயது உலகக் கோப்பையும் ஐம்பது ஓவர்தான். பதிமூன்று வயதிலிருந்து சிக்ஸர் மட்டும் பழகுகிற பையன், அடுத்த மூன்று நான்கு வருஷத்துக்கு எந்தப் பரீட்சை எழுதுவான்? பிளஸ் டூ படிக்கிறவனுக்கு வேறு போர்டு கேள்வித்தாளை வைத்து டியூஷன் எடுப்பது போலத்தான் எனக்குப் பட்டது.

இன்னொன்று. வைபவைப் பார்த்துத்தானே எல்லோரும் ஓடுகிறோம்? அவர் 2024 ஜனவரியில், பன்னிரண்டு வயதில், பீகாருக்காக ரஞ்சி ஆடிவிட்டார். அதே வருஷம் நம் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா 19 வயது அணியுடன் நடந்த நான்கு நாள் ஆட்டத்தில் 58 பந்தில் நூறு. சிவப்புப் பந்தில். ராஜஸ்தான் ராயல்ஸ் 1.10 கோடிக்கு எடுத்தது அதற்கு அப்புறம்தான். டிவியில் நாம் பார்த்தது முதல் பந்தில் அடித்த சிக்ஸர் மட்டும்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் சாய் சுதர்சன். டிஎன்பிஎல் வழியாக வந்தவர், 2025 ஐபிஎல்லில் 759 ரன், அதிக ரன் அடித்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. அந்த 759-இல் சிக்ஸரைவிட ஃபோர் பல மடங்கு. அடிக்கிற பந்தையெல்லாம் பார்த்தால் இடைவெளியில் தள்ளிவிட்ட மாதிரிதான் இருக்கும், மல்லுக்கட்டே தெரியாது. அந்த சீசன் முடிந்த கையோடு ஜூனில் இங்கிலாந்தில் டெஸ்ட் தொப்பி.

சரி, சிவப்புப் பந்துக்கு வருகிறேன்.

நாங்கள் கடைசியில் போன கோச் வயதானவர். காலை ஐந்தே முக்காலுக்கு நெட்ஸ். தரையில் மேட், ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் கிட் பைகள். முதல் நாள் பையனை பேடு கட்டி நிற்க வைத்து, பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் புதுப் பந்தோடு ஓடி வரச் சொன்னார். எங்கள் ஆள் டென்னிஸ் பாலில் ஆடுவது போலவே முன்காலை லெக் பக்கம் ஒதுக்கினான், பேட் மேலேயிருந்து குறுக்கே வந்தது. பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து இன்னும் கொஞ்சம் வெளியே போனது. காற்றை அடித்தான். அடுத்ததும் காற்று. மூன்றாவது விளிம்பில் பட்டுப் பின்னால் வலையில் போய் விழுந்தது. நான்காவது உள்ளே வந்து தொடைக்கு மேல் பட்டது. அந்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

கோச் சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய் நின்று, "தம்பி, அடுத்த இருபது பந்து அடிக்காத. ஸ்டம்புக்கு வந்தா தடு, வெளிய போனா விடு" என்றார். விடுவது இவ்வளவு கஷ்டம் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏழாவது பந்தில் கை தானாக நீண்டது. பதினொன்றாவதிலும். ஒவ்வொரு முறை தப்பு செய்தபோதும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. வீட்டுக்கு வண்டியில் வரும்போது பின்னாலிருந்து கேட்டான்: "எல்லாத்தையும் விடறதுக்கு எதுக்கு மாமா பேட்டு?"

பதில் எனக்கும் அப்போது சரியாக வரவில்லை. இப்போது சொல்வேன். எதை விட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் எதை அடிக்கலாம் என்று கைக்குத் தெரியும். பவுலிங் மெஷின் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அது அடிக்கிற பந்தை மட்டும் போடும்.

சிவப்புப் பந்து வழியிலும் குறை இல்லாமலில்லை. முக்கியமாக, மேட்ச் குறைவு. மாசக்கணக்கில் நெட்ஸில் நின்றுவிட்டு ஒரே ஒரு செலக்ஷன் ஆட்டத்தில் இரண்டாவது பந்தில் அவுட்டானால் அந்த வருஷம் அவ்வளவுதான். செலவு இன்னொன்று. டென்னிஸ் பாலுக்கு ஒரு பேட் போதும், அதையும் டீமில் யாராவது கொடுப்பான். இங்கே பேடு, கிளவுஸ், ஹெல்மெட், தொடைக் காப்பு, இங்கிலீஷ் வில்லோ என்று ஆரம்பித்தால் ஒரு நல்ல பேட்டே பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. நாங்கள் காஷ்மீர் வில்லோவில் நிறுத்திக்கொண்டோம். வளர்கிற பையன், இன்றைக்கு ஆறாம் நம்பர் பேட், அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய ஹாரோ அளவு.

மூன்றாவது குறை கோச்சுகளைப் பற்றியது. இவரிடம் போவதற்கு முன் இன்னொரு கோச்சிடம் ஒரு வாரம் போனோம். அங்கே பந்தைத் தூக்கி அடித்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று அவரிடம் யார் சொல்வது? 2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் டெஸ்டின் முதல் நாளிலேயே இங்கிலாந்து 506 ரன் அடித்தது. 2024-இல் கான்பூரில், மழையில் இரண்டரை நாளுக்கு மேல் போன டெஸ்டில், இந்தியா 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் செய்து ஆட்டத்தையும் ஜெயித்தது. இருபது ஓவர் ஆட்டம் ஐந்து நாள் ஆட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. தூக்கி அடிப்பதையே பாவம் என்று சொல்கிற கோச், அடிப்பதை மட்டும் சொல்லித் தருகிற அகாடமிக்குச் சமம். எங்கள் வேப்பமரத்து கோச் கடைசிப் பதினைந்து பந்தை "உன் இஷ்டம்" என்று விட்டுவிடுவார். அந்தப் பதினைந்துக்காகத்தான் பையன் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறான் என்பது என் கணிப்பு.

இனி டென்னிஸ் பால். சேலத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் ஐந்தாவது நிமிஷம், இந்தியாவுக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் பெயர் வரும். "நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் எந்த அகாடமிக்குங்க போனாரு?" டீக்கடையில் என்னிடமே நாலு பேர் கேட்டிருப்பார்கள். நியாயமான பெருமை. ஆனால் கதையின் நடுப்பக்கங்களை யாரும் படிப்பதில்லை. அவர் டென்னிஸ் பாலிலிருந்து நேராக ஆஸ்திரேலியா போகவில்லை. சென்னைக்குப் போய் லீக்கின் கீழ் டிவிஷனிலிருந்து லெதர் பாலில் போட ஆரம்பித்தார். 2015 ஜனவரியில் ரஞ்சி. உடனே பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார். கையை மறுபடி முதலிலிருந்து பழக்கினார். 2016 டிஎன்பிஎல்லில் பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கர்களால் கவனம் வாங்கி, 2017-இல் பஞ்சாப் அணிக்கு 3 கோடி. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவர் மூன்று வடிவத்திலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். யார்க்கரைக் கொடுத்தது டென்னிஸ் பால். அதை வைத்துப் பிழைக்கக் கற்றுக் கொடுத்தது அதற்கு அப்புறம் வந்த வருஷங்கள்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அவர் பவுலர். டென்னிஸ் பால் அறுபது கிராம்கூட இருக்காது, தையல் கிடையாது. அதில் வேகம் வர வேண்டுமென்றால் கை மின்னலாகச் சுழல வேண்டும், குட்டையாக விழுந்தால் சிக்ஸர், அதனால் காலடியில் போடப் பழகுகிறார்கள். பவுலருக்கு அது வரம். பேட்ஸ்மேனுக்குக் கணக்கு வேறு. லெதர் பால் அதைப்போல இரண்டரை மடங்கு எடை. தையலில் பட்டு விலகும், காற்றில் வளையும். இடுப்பு உயரத்தில் நிதானமாக வரும் டென்னிஸ் பாலைக் குறுக்கே அடித்துப் பழகிய கைக்கு என்ன ஆகும் என்பதை முதல் நாள் நெட்ஸில் நான் பார்த்துவிட்டேன்.

அதற்காக டென்னிஸ் பாலை நிறுத்தச் சொல்வீர்களா என்றால், மாட்டேன். தாரமங்கலம், ஓமலூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஒன்றை நின்று பாருங்கள். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டம். மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காடு. கடைசி ஓவரில் பதினாறு வேண்டும், சுற்றிலும் இருநூறு பேர் கத்துகிறார்கள், பையன் இறங்குகிறான். இந்த நெருக்கடியை எந்த நெட்ஸிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று இரண்டு ஆட்டம் கிடைத்துவிடுகிறது. சிவப்புப் பந்தில் இல்லாதது அதுதான்: நிறைய மேட்ச். எங்கள் பையன் போன பொங்கல் டோர்னமென்டில் பதினொன்று அடித்துவிட்டு வந்து அதைப் பற்றி ஒரு மாதம் பேசினான்.

பையன் வேகப் பந்து வீச்சாளனாக இருந்திருந்தால் என் தராசு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். வளரும் வயதில் அதிகமாக ஓடி வந்து போட்டால் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழும் ஆபத்து உண்டு. நீளமான ஸ்பெல், வாரம் முழுக்க நெட்ஸ், ஞாயிறு இரண்டு டோர்னமென்ட் என்று மூன்றையும் சேர்த்துப் போட்டால் உடம்பு தாங்காது. அந்தப் பெற்றோர் பந்துகளை எண்ண வேண்டும், விக்கெட்டை இல்லை.

பெண் பிள்ளைகளுக்கும் கணக்கு வேறு. எதிர் வீட்டுப் பாப்பா நன்றாகச் சுழற்றுவாள். அவள் அப்பா என்னிடம் கேட்டார். பெண்களின் 19 வயது உலகக் கோப்பை இருபது ஓவர்தான். 2023, 2025 இரண்டையும் இந்தியா ஜெயித்தது. நம் மாநிலத்து கமலினியை 2024 டிசம்பர் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தபோது வயது பதினாறு. பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டம் அபூர்வம். அதனால் அவரிடம், இருபது ஓவரை மனதில் வைத்தே பழக்குங்கள் என்றேன். எதிரெதிர் வீடு, ஒரே வயது, விடை வேறு.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் நாத்தனார் மடிப்பாக்கத்தில் இருக்கிறார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரல். லீக் என்றால் சென்னைதான், மறுக்கவில்லை. ஆனால் பதிமூன்று வயதில் அம்மாவை விட்டு, பள்ளிக்கூடம் மாறி, அங்கே இருக்கிற கூட்டத்தில் நூற்றில் ஒருவனாக நிற்பதைவிட, இங்கே மாவட்ட அணிக்கு முட்டி மோதுவது மேல். பத்து வருஷத்துக்கு முன் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 2020-இல் வாழப்பாடியில் நல்ல டர்ஃப் மைதானம் வந்துவிட்டது, டிஎன்பிஎல் ஆட்டங்கள் அங்கேயே நடக்கின்றன. 2023-இல் நடராஜன் தன் ஊரில் மைதானம் கட்டித் திறந்தார். சேலம் என்ற பெயரில் டிஎன்பிஎல் அணியே இருக்கிறது. (2023-இல் ஒரே ஒரு பந்துக்கு 18 ரன் கொடுத்ததும் நம் அணிதான், நோபால், வைடு என்று முடியவே முடியாத பந்து. அதையும் நாம்தான் சொல்லிச் சிரித்துக்கொள்ள வேண்டும்.) சென்னையைப் பதினாறு வயதுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தோம். ஏற்காட்டில் போர்டிங் ஸ்கூல் சேர்த்தால் மைதானமும் படிப்பும் ஒன்றாக முடியும் என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். கட்டணத்தைக் கேட்டதும் அவளே பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆக, ஜூனில் முடிவு செய்தோம். வாரத்தில் நான்கு நாள் காலை வேப்பமரத்து கோச், சிவப்புப் பந்து. ஞாயிறு டென்னிஸ் பால், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும். மாவட்ட செலக்ஷனுக்கு முந்தின மாதம் அதுவும் கிடையாது. அகாடமிக்குப் பதினாறில் போகலாம்; அடிப்பதை அப்போது கூர் தீட்டினால் போதும், கத்தி இருந்தால்தானே கூர். பிறந்த தேதிச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வைத்தோம். பதினாறு வயதுப் பிரிவில் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறார்கள். சான்றிதழில் ஒன்று, எலும்பில் ஒன்று என்றால் பையன்தான் மாட்டிக்கொள்வான்.

படிப்பை விடுவதில்லை என்பது அக்காவின் நிபந்தனை. அதில் எனக்கு முழுச் சம்மதம். பதினெட்டு வயதில் முதல் டெஸ்டிலேயே நூறு அடித்த பிருத்வி ஷாவை 2024 நவம்பர் ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை. சீக்கிரம் கதவைத் திறக்கிற ஆட்டம், சீக்கிரம் சாத்தவும் செய்கிறது.

நாங்கள் முடிவெடுத்து மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ ஒரு விதி கொண்டுவந்தது. 16, 19 வயது அணிகளில் ஆடுகிறவர்கள் ஐபிஎல்லுக்கு வர வேண்டுமென்றால் குறைந்தது ஒரு முதல்தர ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். செய்தியைப் பார்த்ததும் அக்கா வீட்டுக்காரர் போன் போட்டு, "பரவால்ல மாப்ள, நீ சொன்னது சரிதான்" என்றார். என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். விதி எதிர்ப்பக்கம் வந்திருந்தாலும் போன் வந்திருக்கும்.

பையன் இப்போது இருபதில் பதினேழு வரை விடுகிறான். பதினெட்டாவதில் கை நீண்டுவிடுகிறது.